கிளாரம்மாள் பெயர் பூண்ட பள்ளத்தாக்கில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையில், பசிபிக் பெருங்கடலுக்குச் சற்று உள்ளே, இருபுறமும் மலைத்தொடர்கள் காவல் நிற்க, வடக்கே ஒரு விரிகுடா வந்து முடியும் தாழ்நிலம் ஒன்று உண்டு. உலகம் அதனைச் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்றழைக்கின்றது. நிலப்படத்திலோ அதன் பெயர் சாந்தா கிளாராப் பள்ளத்தாக்கு. அதாவது புனித கிளாரம்மாளின் பள்ளத்தாக்கு. அங்குள்ள பெரிய நகரம் சான் ஓசே, நம் மொழியில் சூசையப்பர் பட்டணம். மலைக்கு அப்பால் சாந்தா குரூஸ், திருச்சிலுவை ஊர். வடக்கே சான் மத்தேயோ. அதற்கும் வடக்கே அசிசியாரின் பெயர் தாங்கிய சான் பிரான்சிஸ்கோ. நெடுஞ்சாலையில் ஊர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு சென்றாலே புனிதர் மன்றாட்டு மாலையில் பாதி முடிந்துவிடும்.

2025-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஐந்து வாரம் அங்குத் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்குள்ள பங்குக் குரு ஒருவர் விடுமுறையில் செல்ல, அவரிடத்தில் திருப்பலி நிறைவேற்ற ஓர் ஆள் தேவைப்பட்டது. நாம் உதவிப் பங்குக் குருவாய் இருந்த நாளில் பீடச் சிறுவராய் நின்றவர்களும் அங்கே கணிப்பொறித் துறையில் பணிபுரிகின்றனர். அவர்களும் வருந்தி அழைத்தனர். சென்று திரும்பியது முதல் நம்மைக் காண வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் இரண்டே. "சாமி, அங்கே எவ்வளவு சம்பளம்?" என்பது முதலாவது. "என் மகன் ஏன் ஊருக்கு வரமாட்டேன் என்கிறான்?" என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு விடை அவர்களுக்கே தெரியும். இரண்டாம் கேள்விக்கு விடை சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில் அந்த மண்ணின் கதை. ஒலோனி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்ந்த நிலம் அது. இசுபானிய நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவிகள் 1777-ஆம் ஆண்டு சனவரியில் அங்கு ஒரு மறைபரப்புத் தலத்தை நிறுவிப் புனித கிளாரம்மாளின் பெயரை இட்டனர். கலிபோர்னியாவில் அவர்கள் எழுப்பிய இருபத்தொரு தலங்களுள் பெண் புனிதர் ஒருவரின் பெயர் பெற்ற முதல் தலம் இதுவே. அதே ஆண்டு நவம்பரில் சான் ஓசே ஊர் தோன்றிற்று. இத்தலங்களுக்குத் தலைவராயிருந்த ஹூனிப்பெரோ செர்ரா அடிகளாருக்கு 2015-இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது பழங்குடியினர் பலர் மனம் நொந்து எதிர்த்தனர். வந்தவர்களோடு வந்த கொள்ளை நோய்களாலும் கட்டுப்பாடுகளாலும் தம் முன்னோர் பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை. அந்த வரலாற்றைக் கூறாமல் அக்கோயிலின் அழகை மட்டும் கூறுவது முறையன்று. இன்று அக்கோயில், இயேசு சபையார் 1851-இல் தொடங்கிய சாந்தா கிளாராப் பல்கலைக்கழகத்தின் வளாகத்துள் நிற்கின்றது.

பின்னர் வந்தவை பழத்தோட்டங்கள். 1850-களில் பிரெஞ்சு நாட்டார் ஒருவர் கொண்டுவந்து ஒட்டுக்கட்டிய பிளம் மரம் பள்ளத்தாக்கு முழுவதும் பரவிற்று. அதனோடு ஆப்ரிகாட், செர்ரி, பேரிக்காய். இளவேனிற்காலத்தில் மலைமீது நின்று பார்த்தால் வெண்பூக் கடல்போல் தோன்றுமாம். 'உள்ளம் மகிழும் பள்ளத்தாக்கு' என்பதே அந்நாளில் அதன் செல்லப்பெயர். சன்னிவேல் நகரத்தார் பழைய நினைவாக ஆப்ரிகாட் தோப்பு ஒன்றை நகரின் நடுவே இன்றும் பேணி வருகின்றனர். ஜூன் மாத இறுதியில் பழம் பறிக்கும் நேரத்தில் நாமும் ஒரு மாலை அங்குச் சென்றோம். கையளவுப் பழம், வெயிலின் சூடு அதில் அப்படியே இருந்தது.

தோட்டங்கள் எங்கே போயின? 1939-இல் பாலோ ஆல்ட்டோ ஊரில் ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில் ஹியூலெட், பேக்கர்டு என்னும் இருவர் மின்கருவிகள் செய்யத் தொடங்கினர். 1956-இல் ஷாக்லி என்ற அறிவியலார் மவுண்டன் வியூவில் குறைக்கடத்தி ஆய்வுக்கூடம் ஒன்றைத் திறந்தார். அவரோடு ஒத்துப்போக இயலாத எண்மர் மறு ஆண்டே வெளியேறி வேறு நிறுவனம் கண்டனர். அதிலிருந்து கிளைத்தவை பல. அவற்றுள் 1968-இல் பிறந்த இன்டெல் நம் வாசகர்கள் அறிந்த பெயர். மணலிலிருந்து பெறப்படும் சிலிக்கானைக் கொண்டு சில்லுகள் செய்த இவ்வூருக்குச் 'சிலிக்கான் பள்ளத்தாக்கு' என்ற பெயரை 1971-இல் ஒரு பத்திரிகையாளர் அச்சிலேற்றினார். மரங்கள் ஏக்கர் ஏக்கராக வீழ்ந்தன. தொழிற்கூடங்களும் வீடுகளும் எழுந்தன.

இந்தியரின் வரவுக்கு வழி திறந்தது 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். இன்று நம் பிள்ளைகள் பெரும்பாலோர் செல்லும் எச்-1பி என்னும் பணி விசா 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் படைப்பு. அந்த விசா பெறுவோரில் பத்துப் பேரில் ஏழு பேர் இந்தியர். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2015-இல் கூகுளின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது, நம் ஊர்களில் பொறியியற் கல்லூரி வாசலில் நின்ற ஒவ்வொரு தந்தையும் தன் மகனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அதில் தவறில்லை. ஆயினும் ஒரு மனிதரின் உயர்வை அளவுகோலாக்கிப் பல்லாயிரம் பிள்ளைகளை அளப்பது நியாயமன்று.

வாழ்க்கை எப்படி இருக்கின்றது? சாலைகள் தூய்மை, காற்று தூய்மை, கோடையிலும் மாலையில் குளிர்காற்று வீசும். எல் காமினோ ரியல் என்று ஒரு நெடுஞ்சாலை உண்டு. 'அரச பாதை' என்பது பொருள். பழைய மறைபரப்புத் தலங்களை இணைத்த வழி இதுவே என்பதன் அடையாளமாக, வளைந்த கம்பத்தில் மணி தொங்கும் சின்னங்களை ஆங்காங்கே நட்டுள்ளனர். அம்மணிகளுக்கு அருகிலேயே இன்று தோசைக் கடையும் மளிகைக் கடையும். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், இட்லி அரிசி, எல்லாம் கிடைக்கும். (தாய்மார்களுக்கு ஒரு சொல்: பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை வைத்தனுப்ப வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பூச்சி அதில் வரும் என்று விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவர். நம் கண்முன் ஒரு பாட்டியின் பெட்டி அவ்வாறு திறக்கப்பட்டது.)

ஆனால் தெருவில் மனிதரைக் காண இயலாது. காலையில் கார்க் கொட்டகையின் கதவு தானே உயரும், வண்டி வெளியேறும், கதவு தானே தாழும். மாலையில் அவ்வாறே உள்ளே செல்லும். அடுத்த வீட்டாரின் முகத்தைவிட அவர்களது வண்டியின் நிறமே நமக்குப் பழக்கமாயிற்று. திண்ணையும் தெருக்கோடியும் இல்லாத ஊரில் ஊரிலிருந்து வரும் பெற்றோர் மூன்றாம் வாரமே திரும்பும் தேதியைக் கேட்கத் தொடங்குவது இதனாலேயே.

ஊதியத்தை ரூபாயால் பெருக்கிப் பார்க்கும் நாம் வாடகையைப் பெருக்கிப் பார்ப்பதில்லை. இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குவீட்டின் மாத வாடகை மூவாயிரம் டாலருக்கும் மேல். நம் கணக்கில் இரண்டரை இலட்சம் ரூபாய். சொந்தமாக ஒரு சாதாரண வீடு வாங்கப் பத்து இலட்சம் டாலர் போதாது. அலுவலகம் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. அங்கு இரவு ஒன்பதரை ஆகும்போது பெங்களூரில் காலை பத்து மணி. உடன்பணியாளர்கள் திரையில் வந்து அமர்ந்திருப்பர். செபமாலைக்கென்று குடும்பம் கூடிய நேரத்தில் தலைவர் மட்டும் காதில் கருவியோடு மாடிப்படியில் அமர்ந்திருந்ததை நாம் பலமுறை கண்டோம்.

இவையெல்லாம் பழகிவிடும், பழகியும் விடுகின்றனர். பழகாதது ஒன்று உண்டு. அது காகிதம்.

எச்-1பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 65,000. அந்நாட்டில் முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கு மேலும் 20,000. 2025 மார்ச்சில் மட்டும் மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் வந்தன. சீட்டுக் குலுக்கியே தேர்ந்தனர். கிடைத்தால் மூன்று ஆண்டு, பிறகு இன்னொரு மூன்று ஆண்டு. அதற்கு மேல் தங்க வேண்டுமாயின் 'கிரீன் கார்டு' எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு நிறுவனம் மனுச் செய்திருக்க வேண்டும். இவ்வுரிமை வேலையின் அடிப்படையில் உலகனைத்துக்கும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,40,000. அதிலும் எந்த ஒரு நாட்டில் பிறந்தோர்க்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை என்பது பொதுவிதி. நூற்று நாற்பது கோடி மக்கள் பிறந்த நாட்டுக்கும் சில இலட்சம் மக்கள் பிறந்த தீவுக்கும் ஒரே அளவு. எனவே இந்தியர்களின் வரிசை மட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்டு நிற்கின்றது. ஒவ்வொரு மாதமும் அந்நாட்டு வெளியுறவுத் துறை ஒரு பட்டியல் வெளியிடும். எந்தத் தேதிக்கு முன் மனுச் செய்தவர்களின் முறை வந்துள்ளது என்று அதில் இருக்கும். 2025-ஆம் ஆண்டின் இறுதியில், பொறியியல் வல்லுநர் பெரும்பாலோர் நிற்கும் இந்திய வரிசைகளில் முறை வந்திருந்தது 2013-இல் மனுச் செய்தவர்களுக்கு.

வரிசையில் நிற்பவர் வேலை செய்யலாம், வரி கட்டலாம், வீடும் வாங்கலாம். ஆனால் வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு நிறுவனம் மனுச் செய்ய வேண்டும். இல்லையேல் வேறு வழி தேட வேண்டும், அல்லது புறப்பட வேண்டும். 2022-இன் இறுதியிலும் 2023-இன் தொடக்கத்திலும் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை நீக்கியபோது, அந்த அறுபது நாளை எண்ணிய குடும்பங்கள் அப்பள்ளத்தாக்கில் பல. காரோட்டும் உரிமம்கூட விசாவின் கடைசி நாளோடு முடிவடையும்.

மனைவியின் நிலை இன்னொன்று. அவருக்குக் கிடைப்பது எச்-4 என்னும் சார்பு விசா; அதில் வேலை செய்ய இயலாது. கணவரின் மனு ஒரு படி தாண்டியிருந்தால் மட்டும் தனி அனுமதி பெற்று வேலை செய்யலாம் என்று 2015-இல் விதி தளர்ந்தது. நாம் தங்கியிருந்த வீட்டுத் தலைவி இங்கே கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். 2013-இல் சென்றவர், முதல் மூன்று ஆண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். "கடைக்குப் போனால் 'நீங்கள் என்ன செய்கிறீர்கள்' என்று கேட்பார்கள் ஃபாதர். என்ன சொல்வதென்று தெரியாமல் அந்தக் கடைக்கே போவதை விட்டுவிட்டேன்" என்றார். இப்போது ஒரு பள்ளியில் உதவியாளராய் இருக்கின்றார். அனுமதி முடியும் முன்னரே புதுப்பிக்கப்படுமா என்ற கவலை அவ்வப்போது வந்து போகின்றது.

இனி, மகன் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு வருவோம். கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசா முத்திரை வேறு, அங்குத் தங்கும் உரிமை வேறு. உரிமை நீட்டிக்கப்பட்டிருக்கும், முத்திரையோ காலாவதியாகியிருக்கும். நாட்டுக்குள் இருக்கும்வரை தொல்லை இல்லை. வெளியே வந்தால், சென்னை அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடித்து, புது முத்திரை பெற்றே திரும்ப முடியும். நேர்காணலுக்கு நாள் கிடைக்க வேண்டும். மேல்விசாரணை என்று நிறுத்தி வைக்காதிருக்க வேண்டும். அதற்குள் அங்கே வேலையும் வாடகையும் பிள்ளைகளின் பள்ளியும் காத்திருக்கும்.

இக்குடும்பத் தலைவரின் தந்தை 2023 ஜூலையில் இறந்தார். அடக்கச் சடங்கை நிறைவேற்றியவர் நாமே. மாலை நான்கு மணிக்குப் பெட்டி கோயிலை விட்டுப் புறப்பட்டது. பேரன் முறையில் ஒரு பையன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நமக்கு அருகிலேயே நடந்தான். கூட்டத்தில் சிலர் அதனைக் கண்டு முகம் சுளித்தனர். அந்தப் பேசியின் மறுமுனையில் அதிகாலை மூன்றரை மணி. மூத்த மகன் சமையலறைத் தரையில் அமர்ந்து, மனைவி மக்கள் உறங்கட்டும் என்று விளக்கைப் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை இந்தப் பயணத்தில்தான் அறிந்தோம். முதல் பிடி மண் போட வேண்டியவர் அவர். "பணம் இருக்கிறது, ஒரு விமானம் ஏறி வரமாட்டானா?" என்று கல்லறைத் தோட்டத்திலேயே உறவினர் பேசினர். வந்திருந்தால் திரும்ப முடிந்திருக்கும் என்று உறுதியாய்ச் சொல்ல அவருக்கு யாரும் இருக்கவில்லை. முத்திரை காலாவதியாகி ஓராண்டு கடந்திருந்தது. அவருடைய தாயாரிடம் இதனை நாம் ஒரு நாள் மாலை முழுவதும் அமர்ந்து விளக்கினோம். கேட்டு முடித்து, "அப்போ அவன் வர மாட்டேன்னு சொல்லலே, வர முடியலே, அப்படித்தானே சாமி?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

நாம் திரும்பிய பின் நிலை மேலும் இறுகிற்று. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி விசாவில் அழைக்கப்படுவோர்க்கு நிறுவனம் ஒரு இலட்சம் டாலர் செலுத்த வேண்டுமென அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஆணையிட்டார். டிசம்பரில் விண்ணப்பிப்போரின் சமூக ஊடகப் பதிவுகளையும் ஆராயும் நடைமுறை வந்தது. இந்தியாவில் குறிக்கப்பட்டிருந்த நேர்காணல்கள் பல, மாதக்கணக்கில் தள்ளிப்போயின. கிறிஸ்துமஸ் விழாவுக்கும் திருமணங்களுக்குமாக வந்த பலர் திரும்ப வழியின்றி இங்கேயே தங்க நேர்ந்தது. ஒரு நாடு தன் வாயிலைக் காப்பது அதன் உரிமை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டு ஒருவனுடைய அறிவையும் வரியையும் பெற்றுக்கொண்டு, அவனை 'தற்காலிகப் பணியாளன்' என்றே அழைத்துக்கொண்டிருப்பது நியாயமா என்பது கேட்கத் தகுந்த கேள்வியே.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் வாழத்தான் செய்கின்றனர், நன்றாகவே வாழ்கின்றனர். கலிபோர்னியா தமிழ்க் கழகம் 1998 முதல் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கின்றது. ஆசிரியர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள், வாரம் முழுவதும் மென்பொருள் எழுதிவிட்டு வந்து அகரம் எழுதப் பழக்குபவர்கள். நாம் பூசை வைத்த கோயிலில் வியட்நாமியர், பிலிப்பைன் நாட்டார், மெக்சிக்கர் ஆகியோரிடையே தமிழ்க் குடும்பங்களும் அமர்ந்திருந்தன. வியட்நாமியக் குடும்பங்களில் பல 1975-க்குப் பின் அகதிகளாய் வந்தவை. அவர்களுள் முதியவர் ஒருவர், நம் வீட்டுத் தலைவரின் காகிதக் கதையைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். "நாங்கள் ஒன்றுமில்லாமல் வந்தோம், ஆனால் வந்ததும் தங்கலாம் என்றார்கள். உங்களிடம் எல்லாம் இருக்கிறது, தங்கலாமா என்பது மட்டும் தெரியவில்லை" என்றார்.

அவ்வீட்டில் பிள்ளைகள் இருவர். மகளுக்கு வயது பதினேழு. பாளையங்கோட்டையில் பிறந்தவள், ஐந்து வயதில் சென்றவள். மகனுக்குப் பதினொன்று, சான் ஓசேயில் பிறந்தவன், பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். ஒரே மேசையில் அமர்ந்து ஒரே குழம்பை உண்ணும் இருவருள் ஒருவன் அந்நாட்டுக்குச் சொந்தம். மற்றவள் தந்தையின் விசாவில் தொங்குபவள். கோடை விடுமுறையில் அவளுடைய வகுப்புத் தோழியர் ஐஸ்கிரீம் கடையிலும் நீச்சற்குளத்திலும் வேலை செய்து கைச்செலவுக்குச் சம்பாதிக்கின்றனர். அவளுக்கு அந்த அனுமதி இல்லை. நூலகத்தில் ஊதியமின்றிப் புத்தகம் அடுக்குகின்றாள். அரசின் கல்வி உதவிக்கும் அவள் உரியவள் அல்லள். இருபத்தொரு வயது நிறைந்தால் பிள்ளை என்ற கணக்கிலிருந்தே நீங்கிவிடுவாள். வயதைக் கணக்கிடுவதில் சிறிய சலுகை ஒன்று உண்டு. இவ்வளவு நீண்ட வரிசைக்கு அது போதாது. அதன்பின் மாணவர் விசா தேடித் தங்க வேண்டும், இல்லையேல் ஐந்து வயதில் விட்டு வந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். அவள் தந்தையின் மனு 2016-ஆம் ஆண்டுக்குரியது.

நாம் புறப்படுவதற்கு முந்திய வாரம் ஆகஸ்டு மாதப் பட்டியல் வெளியாயிற்று. இரவு உணவுக்குப் பின் தந்தை கணிப்பொறியைத் திறந்து, இந்தியா என்ற கட்டத்தின்மீது விரலை வைத்தார். 2013 சனவரி 1. சென்ற மாதமும் அதுவே. அதற்கு முந்திய மாதமும் அதுவே. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. தாய் தட்டுகளைக் கழுவத் தொடங்கினார். சிறுவன் உறங்கப் போய்விட்டான்.

மகள் மேசையின் மறுகோடியில் கனடா நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அங்குப் படித்தால் பின்னர் அங்கேயே தங்குவதற்கு வழி உண்டென்று யாரோ கூறியிருந்தனர். பிறந்த ஊர் என்ற கட்டம் வந்ததும் எழுதுகோலை நிறுத்தி நம்மைப் பார்த்தாள்.

"ஃபாதர், பாளையங்கோட்டைக்கு ஆங்கிலத்தில் எத்தனை 'டி'?"

இரண்டு என்றோம்.